வெண்கலத்தின் தொண்டை

மீன் ஏலக் கொட்டகையில் கூவுகிறவனுக்கு ஊர் வைத்த பெயர் வெண்கலம். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்து போயிருக்கும். கொட்டகையின் ஒரு கோடியில் நின்று அவன் "ஒரு தரம்" என்றால், மறுகோடியில் ஐஸ் உடைக்கிறவர்கள் கைவேலையை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். சொல்லிக்கொள்வதில் முதல் ஆள் அவன்தான். இரண்டு சந்து தாண்டி, அவன் மனைவி துணி தேய்க்கும் முன்னறைக்குள்ளும் காலையில் அந்தக் குரல் வந்து விழும். விழுந்ததும் அவள் எட்டி ரேடியோவின் காதைத் திருகிச் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

அவளை எல்லாரும் இஸ்திரிக்காரி என்றார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. செய்கிற வேலையைச் சொல்லித்தானே கூப்பிடுகிறார்கள். ஒரு மனுஷன் வாயைத் திறந்து கத்துவதற்கு இத்தனை மரியாதை எதற்கு என்பதுதான் கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு விளங்காத விஷயம். மீனைப் பிடித்தவன் ஒருத்தன். கரைக்குச் சுமந்தவன் ஒருத்தன். வாங்கி விற்கப்போகிறவன் ஒருத்தன். நடுவில் கல்மேடையில் ஏறி நின்றுகொண்டு, இது இறால், இது மத்தி என்று கண்ணுள்ளவனுக்கெல்லாம் தெரிந்ததைக் கத்திச் சொல்கிறவனைத்தான் ஊர் தலையில் தூக்கி வைத்து ஆடியது. அவளோ விடிந்தது முதல் நின்ற இடத்தில் நின்று, விடுதிப் படுக்கை விரிப்புகளையும் பள்ளிக்கூடச் சீருடைகளையும் தேய்த்து அடுக்குகிறாள். ஒருத்தராவது வந்து, என்ன அருமையான மடிப்பு என்று சொன்னதுண்டா? காலரில் ஒரு சுருக்கம் நின்றுவிட்டால் மட்டும் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

வீட்டிலேயே அந்தத் தொண்டைக்குப் பணிவிடை செய்ய ஒரு ஆள் இருந்தாள். வெண்கலத்தின் அக்கா. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். சமையல் அவள் பொறுப்பு. தம்பி கொட்டகைக்குக் கிளம்புமுன் வெந்நீரில் தேன் கலந்து நீட்டுவாள். அவன் திரும்பும் நேரம் பார்த்துக் குளிர்ந்த தண்ணீரை ஒளித்து வைப்பாள். மீன் வறுத்தால் நடுத்துண்டு தம்பிக்கு, வால் துண்டு தம்பி பெண்டாட்டிக்கு.

"சாமி குடுத்த குரல். எத்தனை பேருக்கு வாய்க்கும்?" என்பாள்.

"எல்லாருக்கும்தான் வாய் இருக்கு அண்ணி. நாங்க மூடி வெச்சிருக்கோம்" என்பாள் இஸ்திரிக்காரி, பெட்டியை அழுத்தியபடியே.

போன வருஷம் மழை விட்ட சமயத்தில் வெண்கலத்துக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. சின்ன வயதிலேயே இருந்ததாம். கல்யாணம் பேசும்போது குரலைப் பற்றி அரைநாள் பேசியவர்கள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மேடையிலிருந்து இறங்கினால் நெஞ்சுக்குள் ஏதோ கீச்சிட்டது. படியேறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். இஸ்திரிக்காரிதான் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். புகை ஆகாது என்று டாக்டரம்மா சொன்ன அன்றே கரிப்பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கரண்ட் பெட்டி வாங்கினாள். கரிப்பெட்டியின் கனத்துக்குப் பழகிய கைக்கு அது பொம்மை மாதிரி இருந்தது. முன்பு பெட்டியின் கனத்திலேயே விழுந்த மடிப்பு, இப்போது தோளைக் கொடுத்து அழுத்தினால்தான் விழுந்தது. அவள் தோள்வலியை யாரும் கேட்கவில்லை. வெண்கலத்துக்குத் தொண்டை கரகரத்தால் மட்டும் தெருவே விசாரித்தது.

டாக்டரம்மா வாயில் வைத்து அழுத்தி இழுக்கும் மருந்துப் பம்பு இரண்டு கொடுத்தார். நீலம், மூச்சு முட்டும்போது இழுப்பதற்கு. ஆரஞ்சு, முட்டினாலும் முட்டாவிட்டாலும் காலையும் மாலையும் இழுப்பதற்கு.

"நீலம் அந்த நேரத்துக்குத் திறந்துவிடும். உள்ள வீங்கியிருக்கறதை ஆத்தறது ஆரஞ்சுதான். நல்லாத்தானே இருக்கேன்னு இதை நிறுத்திடாதீங்க. இழுத்து முடிச்சதும் வாயை நல்லாக் கொப்பளிச்சுத் துப்பணும்."

இஸ்திரிக்காரி அப்போது மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள். கொப்பளிக்கச் சொன்னது அவள் காதுக்கு வரவேயில்லை. வெண்கலத்தின் காதுக்கு வந்தது, தங்கவில்லை. ஏலத்தில் நல்ல மீனெல்லாம் முதலில் போகும். கடைசியாக வரும் கூடை எப்போதும் கழிசல். அந்த வாசனையிலேயே வளர்ந்தவன், டாக்டர் கடைசியாகச் சொன்னதையும் கழிசலில் தள்ளிவிட்டு எழுந்து வந்தான்.

சில வாரத்தில் மூச்சு சரியாயிற்று. குரல் கம்மிப்போயிற்று. "ஒரு தரம்" என்று எடுத்தால் பாதியில் கிழிந்தது. கொட்டகை துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது. வியாபாரிகள் ஒவ்வொருத்தராக வந்து விசாரித்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஐஸ்காரர்தான். கொட்டகைக்கு ஐஸ் போடுகிறவர், சொந்தமாக ஒரு மூன்று சக்கர வண்டி வைத்திருக்கிறவர். வெண்கலத்தை மாப்ள என்றும் இஸ்திரிக்காரியைத் தங்கச்சி என்றும் கூப்பிட்டு, கேட்காமலே உறவாகிவிட்டவர். ஐஸை உடைப்பதில் கெட்டிக்காரர்தான். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம்.

"மாப்ள, மருந்துன்னா அப்படித்தான். முதல்ல நோயைத் தின்னும். அது தீந்ததும் ஆளைத் தின்னும். உனக்கு இப்ப குரலைத் தின்ன ஆரம்பிச்சிருக்கு."

"நீங்க எங்கண்ணா படிச்சீங்க இதெல்லாம்?" என்று கேட்டாள் இஸ்திரிக்காரி.

"அனுபவம் தங்கச்சி, அனுபவம்."

இளவட்ட வியாபாரி ஒருத்தன் விவரம் புரியாமல், மைக் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டுவிட்டான். வெண்கலம் அவன் முகத்தில் விழிப்பதையே விட்டுவிட்டான். "மைக்ல கூவறதுக்கு நான் எதுக்கு? ஒரு தகர டப்பாவைத் தூக்கி மேடையில வெச்சாப் போச்சு" என்று வீட்டில் வந்து கிழிந்த குரலில் கத்தினான். அக்காக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு நாள் குரல் திரும்பிவிட்டது. எந்த நாள் என்று இஸ்திரிக்காரியைக் கேட்டால் அவளுக்குத் தெரியாது. கொட்டகைக்காரர்களுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். அன்றைக்குத் தம்பிக்கு முட்டை பொரித்துக் கொடுத்துத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். வெண்கலம், மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது என்று விளக்கம் சொன்னான். இஸ்திரிக்காரி தலையை நிமிர்த்தவில்லை. காலையும் மாலையும் ஆரஞ்சுப் பம்பை எடுத்துக்கொண்டு அவன் குளியலறைக்குள் போகிறான், புஸ் என்று சத்தம் கேட்கிறது. அது போதும் அவளுக்கு. தொண்டையைப் பற்றிய பேச்சு அவளுக்கு வேண்டியதில்லை.

நீலப் பம்பு மட்டும் அவன் சட்டைப்பையை விட்டு நகரவில்லை. மேடை ஏறுமுன் ஒரு இழுப்பு, இறங்கினால் ஒரு இழுப்பு என்று தொடங்கி, கூடைக்கு ஒரு இழுப்பு என்று ஆகியிருந்தது. அவள் கேட்டால், "அடிச்சா உடனே திறந்துக்குது. வேற என்ன வேணும்?" என்பான். பூட்டைத் திறந்தவன் கணக்காகப் பெருமை வேறு.

இப்படி இருக்கையில் ஒரு வாரம் அக்காவுக்குச் சளி பிடித்தது. அவளிடமிருந்து தம்பிக்கு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் இஸ்திரிக்காரிக்குத் தலைக்கு மேல் வேலை. மேசை முழுக்கச் சீருடை. முந்தின நாள் அவசரத்தில் முழங்கைக்குக் கீழே பெட்டி பட்டு, கையில் ஒரு நீளத்துக்குத் தோல் வழன்று சிவந்திருந்தது. அதன் மேல் துணி உரசாமல் இருக்க ஒரு கையை அகட்டி வைத்துக்கொண்டே தேய்த்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து வெண்கலம் வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். மூக்கு அடைத்திருந்தது. பேச்சு கொஞ்சம் திணறியது. ஐஸ் வண்டி வந்து நின்றது.

"என்ன மாப்ள, வாசலுக்குக் காவலா?"

"வாங்க. சளி. வேற ஒண்ணுமில்ல."

"சளியா? ஊர்ல இருக்கறவன் மூஞ்சியெல்லாம் சுருங்கிக் கெடக்கு. உன் மூஞ்சியில ஒரு சுருக்கம் இருக்கா பாரு. எப்படின்னு நானும் யோசிச்சேன்." ஐஸ்காரர் முன்னறைப் பக்கம் தலையை நீட்டினார். "தங்கச்சி, சட்டையோட சேத்து ஆளையும் படுக்க வெச்சுத் தேச்சுடறியா?"

ஐஸ்காரரின் நகைச்சுவை எப்போதும் இந்த லட்சணம்தான். சொல்லிவிட்டு அவரே முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். வெண்கலமும் சிரித்தான். பெண்டாட்டியைக் கிண்டல் செய்தால் அவனுக்கு எப்போதுமே கூடுதலாகச் சிரிப்பு வரும். தொடையைத் தட்டிச் சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை.

சட்டைப்பையில் கையை விட்டு நீலத்தை எடுத்து இழுத்தான். மறுபடி இழுத்தான். முக்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தான். தோள்கள் காதுவரை ஏறி இறங்கின. நெஞ்சுக்குள் கீச்சென்ற சத்தம் மேசை வரைக்கும் கேட்டது. இஸ்திரிக்காரி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.

"நடிக்காதீங்க" என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு அவன் கழுத்துக் குழி உள்ளே இழுத்துப் போவதைப் பார்த்தாள். அதை யாராலும் நடிக்க முடியாது.

அக்கா வெந்நீரோடு ஓடி வந்தாள். ஐஸ்காரர் முதுகைத் தடவினார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, சிரிச்சதுல புரையேறிடுச்சு" என்றார். கொஞ்ச நேரத்தில் கீச்சுச் சத்தம் குறைந்தது. பிறகு நின்றே போயிற்று.

"பாத்தியா, சத்தம் நின்னுடுச்சு. சரியாயிடுச்சு" என்றார் ஐஸ்காரர்.

"அப்பாடா" என்று அக்கா தரையில் உட்கார்ந்தாள். "வெந்நீர் கேட்டுடுச்சு."

இஸ்திரிக்காரி புருஷன் முகத்தையே பார்த்தாள். சரியான மனுஷன் ஏதாவது பேசியிருப்பான். இந்த மனுஷன் சும்மாவே பேசுகிறவன். இப்போது வாய் திறந்திருந்தது, அதிலிருந்து எதுவும் வரவில்லை. உதடு நிறம் மாறியிருந்தது. முக்காலியைப் பிடித்திருந்த விரல்களின் நகமும் நிறம் மாறியிருந்தது.

"வண்டியை எடுங்க."

"தங்கச்சி, ஐஸ் ஏத்தி வெச்சிருக்கு, கொட்டகையில..."

"யோவ், ஐஸைத் தெருவுல கொட்டிட்டு வண்டியை எடுய்யா!" என்று கத்தினாள். அண்ணா போய் யோவ் வந்துவிட்டது. கத்தத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் அவன் மட்டுமில்லை என்று தெருவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவனை நாற்காலியில் வைத்தே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அதே டாக்டரம்மாதான் இருந்தார். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். முகம் மாறியது. "சத்தமே இல்லையே, காத்தே உள்ள போகல" என்று பக்கத்திலிருந்த நர்ஸிடம் சொன்னார். சத்தம் நின்றதற்கு ஐஸ்காரர் சந்தோஷப்பட்டது இஸ்திரிக்காரிக்கு ஞாபகம் வந்தது.

முகமூடி போட்டு மருந்தைப் புகையாக விட்டார்கள். கையில் ஊசி ஏற்றினார்கள். கொஞ்சம் பொறுத்து டாக்டரம்மா அவன் பக்கத்தில் குனிந்தார்.

"ஒரே மூச்சுல எவ்வளவு முடியுமோ எண்ணுங்க பாக்கலாம்."

"ஒண்ணு" என்றான் வெண்கலம். தொண்டை நரம்பு புடைத்தது. "ரெண்..."

அதற்கு மேல் போகவில்லை. ஒரே மூச்சில் ஒரு கூடை மீனின் வம்சத்தையே சொல்லி முடிக்கிறவன். இஸ்திரிக்காரி கதவோரத்தில் நின்றிருந்தாள். மூணு சொல்லு, மூணு சொல்லித் தொலை என்று அவள் உதடு தானாக அசைந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி முகமூடியைப் போட்டார்கள்.

வெயில் தாழும்போதுதான் அவனுக்கு முகத்தில் நிறம் வந்தது. இனிப் பயமில்லை என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். தண்ணீர் ஒழுகும் வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஐஸ்காரரும் காத்திருந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க அவருக்குத் தெரியாது.

"சிரிச்சதுக்கா டாக்டர் இவ்வளவும்? நான்தான் சிரிக்க வெச்சேன்." வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"நீங்களும்தானே சிரிச்சீங்க. உங்களுக்கு ஏன் வரல?"

"எனக்குக் கெட்டியான உடம்பு டாக்டர்."

டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு இஸ்திரிக்காரியின் கையைப் பார்த்தார். "இது எப்ப பட்டது?"

"நேத்து. பெட்டி பட்டுடுச்சு."

"இதுல துணி உரசினா எப்படி இருக்கு?"

"உசிரே போகுது."

"இன்னொரு கையில அதே துணி உரசினா?"

"உரசறதே தெரியாது."

"அவ்வளவுதாம்மா. உங்க வீட்டுக்காரர் மூச்சுக்குழாய்க்குள்ள பூரா இந்தப் புண்ணுக் கை மாதிரி இருக்கு. அதான் சிரிச்சதே தாங்கல. ரத்தத்துல நம்மளைக் காப்பாத்தறதுக்குன்னு சில அணுக்கள் இருக்கு. கிருமி வந்தா சண்டை போடறதுக்கு. சிலருக்கு அது அளவு மீறி வந்து மூச்சுக்குழாய்ச் சுவர்ல கூடிடுது. தூசி, சாதாரணச் சளி, எதைப் பாத்தாலும் எதிரின்னு சண்டை. அந்தச் சண்டையில வீங்கறது நம்ம குழாய்தான். உள்ளுக்குள்ள கோழையும் சேருது. இளைப்பே இல்லாத நாள்லயும் அந்த வீக்கம் உள்ள இருக்கும், வெளிய தெரியாது. அது இருக்கற வரைக்கும் அடுத்த இளைப்பு எப்ப வேணாலும் வரும்."

காப்பாற்ற வந்த கூட்டமே கழுத்தை நெரிக்கும் என்றதும் இஸ்திரிக்காரி தன் பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். ஐஸ்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நீலப் பம்பு இருக்கே டாக்டர்?" என்றார் ஐஸ்காரர்.

"அது இறுகின குழாயை அந்த நேரத்துக்கு விரிச்சுவிடும். வீக்கத்தை ஒண்ணும் பண்ணாது. அடிச்சு அடிச்சுத் திறந்துக்கிட்டே இருந்தா, உள்ள எரியறது தெரியாமலே போயிடும். எரியறதை அடக்கறது ஆரஞ்சு." டாக்டரம்மா இஸ்திரிக்காரி பக்கம் திரும்பினார். "ரத்தத்துல அந்த அணு ரொம்ப ஏறியிருக்கு. ஆரஞ்சு ஒழுங்கா எடுத்தாரா?"

"தினமும் எடுக்கறார். காலையும் சாயந்திரமும். என் காதால கேக்கறேனே."

"குரல் கம்முச்சா?"

"முதல்ல கம்முச்சு. அப்புறம் சரியாயிடுச்சு."

"இப்ப வெண்கலம் மாதிரி இருக்கு டாக்டர்" என்றாள் அக்கா, அந்த நிலையிலும்.

"இழுத்துட்டு வாயைக் கொப்பளிக்கறாரா?"

"கொப்பளிக்கணுமா?" என்றாள் இஸ்திரிக்காரி.

"கொப்பளிக்காட்டி மருந்து தொண்டையிலேயே தங்கிக் குரலைக் கம்ம வைக்கும்மா" என்றார் டாக்டரம்மா. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். மருந்தை இழுத்தபோது குரல் கம்மியது. கொப்பளிக்கவும் இல்லை, ஆனால் குரல் மட்டும் தானாகத் தெளிந்துவிட்டது. எப்படித் தெளியும்? இஸ்திரிக்காரிக்குக் காது சூடானது. அந்தப் புஸ் சத்தம் அவன் வாய்க்குள் போகவில்லை.

டாக்டரம்மா போனதும் அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி. உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"என்கிட்ட பூ சுத்தாதீங்க."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஈயாடவில்லை. "ஒரு நாள் கதவு சரியாச் சாத்தல. பாத்தேன். தொட்டிக்குள்ள பீச்சிவிட்டுட்டு வந்தான்."

"பாத்துட்டு?"

"குரல் திரும்பிடுச்சேம்மா. அவன் எவ்வளவு சந்தோஷமா இருந்தான். நான் எதுக்கு வாயைத் திறக்கணும்னு..."

"வாயைத் திறக்க வேண்டிய ஆள் திறக்கறதில்ல. மூட வேண்டிய ஆள் மூடறதில்ல." ஐஸ்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு வருவதாக முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தார். "இன்னைக்கு உங்க தம்பி போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? குரலை மட்டும் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பீங்களா? தேன் கலந்து குடுத்துக்கிட்டு இருந்திருப்பீங்களா?"

அக்கா அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டு இஸ்திரிக்காரி சன்னலோரம் போய் நின்றாள். இன்னும் நாலு வார்த்தை கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் ரேடியோ ஞாபகம் வந்து வாயை அடைத்தது. தினமும் காலையில் இரண்டு சந்து தாண்டி அந்தக் குரல் அவள் மேசைக்கே வந்துகொண்டிருந்தது. நான் மருந்தை நிறுத்திவிட்டேன் என்று ஊருக்கே கேட்கும்படி கூவிக்கொண்டிருந்தது. ரசித்தவர்கள் முட்டாள்கள், சரி. காதைப் பொத்திக்கொண்டவள் மட்டும் என்ன வாழ்ந்தாள்? தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஐஸ்காரர் மேல் இருந்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான். இருந்தாலும் இருந்தது.

மறுநாள் முகமூடியை எடுத்துவிட்டார்கள். வெண்கலம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான். அவள் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"தொட்டிக்கு இளைப்பு சரியாயிடுச்சா?"

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "அக்கா சொல்லிட்டாளா?"

"உங்க குரலே சொல்லிடுச்சு. ஏங்க, எடுக்கலைன்னா எடுக்கலைன்னு சொல்ல வேண்டியதுதானே? உள்ள போய் புஸ்ஸுன்னு ஒரு நாடகம் எதுக்கு?"

"சொன்னா நீ விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான்." அவன் மூச்சு வாங்கிவிட்டுப் பேசினான். "குரல் போச்சுன்னா மேடையிலிருந்து இறக்கிடுவாங்க."

"இறக்கட்டுமே."

"இறங்கிட்டா நான் யாரு? தெருவுல போனா, இஸ்திரிக்காரி புருஷன் போறான்ம்பாங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே கேட்டது போலிருந்தது. விரிப்பின் ஓரத்தைத் திருக ஆரம்பித்தான். சரியாகத் தேய்க்காத விரிப்பு. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது அவ்வளவு கேவலமா?" என்று கேட்டாள்.

"அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் சொன்னீங்க. செத்தாலும் பரவாயில்ல, அந்தப் பேர் மட்டும் வேணாம்னு இருந்திருக்கீங்க. நல்லாத் தெரிஞ்சுக்கிட்டேன்." அவள் எழுந்து ஜாடியிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். "நேத்து சத்தம் போடாம கெடந்தீங்க. இத்தனை வருஷம் எந்தக் கத்தலைக் கேட்டு ரேடியோவைத் திருகினேனோ, அது ஒரு தடவை வராதான்னு இருந்துச்சு எனக்கு. வெக்கக்கேடு. சொல்லிட்டேன். இதையும் போய் கொட்டகையில சொல்லிக்காதீங்க."

வெண்கலம் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் ஆரஞ்சுப் பம்பை அவன் கையில் திணித்தாள்.

"இழுங்க. என் கண்ணு முன்னாடி. இழுத்துட்டுக் கொப்பளிங்க. அன்னைக்கு டாக்டரம்மா கடைசியாச் சொன்னாங்களாமே, அதை இப்ப நான் முதல்லயே சொல்லிட்டேன்."

பம்பில் மாட்டி இழுக்க பாட்டில் மாதிரி ஒரு பெரிய குழலையும் டாக்டரம்மா கொடுத்து அனுப்பினார். அப்படி இழுத்தால் மருந்து தொண்டையில் தங்காமல் உள்ளே போகும், கொப்பளித்தால் குரலும் பெருமளவு சரியாகும், ஆனால் தொண்டையை வைத்துப் பிழைக்கிறவருக்குக் கொஞ்சம் கரகரப்பு மிஞ்சலாம், தாங்கவே முடியாவிட்டால் வேறு மருந்துக்கு மாற்றிப் பார்க்கலாம், நிறுத்த மட்டும் கூடாது என்றார். அத்தனையையும் இஸ்திரிக்காரி திருப்பிச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

வீட்டில் குளியலறைக் கதவை இப்போது சாத்த விடுவதில்லை. காலையில் அவன் குழலை வாயில் வைத்து இழுத்து, மூச்சைப் பிடித்து வைத்து வெளியே விடும்வரை அவள் நிலையில் சாய்ந்து நிற்பாள். பிறகு கொப்பளிப்பான். கடகடவென்று கழுத்தை அண்ணாந்து கொப்பளித்துத் துப்புவான். அந்தச் சத்தத்திலும் கொஞ்சம் கச்சேரி வைக்கத்தான் பார்த்தான். அக்கா தேனை நிறுத்தவில்லை. ஆனால் மீன் துண்டை வைக்கும்போது இஸ்திரிக்காரியின் முகத்தைப் பார்த்து வைக்கத் தொடங்கியிருந்தாள்.

கொட்டகைக்குத் திரும்பிய நாள்களில் குரல் கம்மலாகவே இருந்தது. முன்வரிசைக்குமேல் கேட்கவில்லை. வியாபாரிகள் உச்சுக்கொட்டினார்கள். அந்த இளவட்ட வியாபாரி பழைய மைக் ஒன்றும் ஒலிபெருக்கி ஒன்றும் கொண்டுவந்து, எதுவும் பேசாமல் மேடையோரம் வைத்துவிட்டுப் போனான். வெண்கலம் அதை ஒரு வாரம் தாண்டித் தாண்டி நடந்தான். ஐஸ்காரர் வந்து, "மாப்ள, தகர டப்பாவைத் தொட்டுடாதே. உன் கௌரவம் என்ன ஆகறது? அந்தப் பம்பைக் கொஞ்ச நாளைக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தார். வெண்கலம் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, குனிந்து மைக்கை எடுத்தான் என்று பிறகு தெருவில் பேசிக்கொண்டார்கள். அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று இஸ்திரிக்காரி நினைத்துக்கொண்டாள்.

அவன் மைக்கை எடுத்த அந்தக் காலையில் அவள் விடுதி விரிப்பு ஒன்றை மேசையில் விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தீக்காயம் ஆறித் தோல் மூடியிருந்தது. திடீரென்று கொட்டகைப் பக்கமிருந்து ஒரு கொரகொரப்பு, பிறகு கீய்ங்கென்று ஒரு ஊளை, அதற்குப் பின்னால் அவன் குரல். பொத்தல் விழுந்த குரல். தகர டப்பாவில் மணலைப் போட்டுக் குலுக்கியது போல இருந்தது.

"ஒரு தரம்."

அவள் கை பழக்கத்தில் ரேடியோவுக்குப் போயிற்று. போன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு தரம்."

சட்டை வாங்க வந்து வாசலில் நின்ற ஆள், "ஐயோ பாவம், எப்படி இருந்த குரல்! கேக்கவே முடியலையே" என்றார்.

"பேசாம நில்லுங்க" என்றாள் இஸ்திரிக்காரி.

கேட்கச் சகிக்காமல்தான் இருந்தது. அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மூன்றாம் தரம் வரும்வரை நின்று கேட்டாள்.